போருக்கு எஸ்டிமேட் போட்டவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘போர் வேண்டும் என்பவரிடம் முதலில் வவுச்சரைக் கேள்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். போர் என்ன, பஞ்சாயத்து போர்வெல்லா? உயிர்ப் பிரச்சினையில் கணக்குப் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: போர்வெல்லுக்கே கேட்கிறோமே தம்பி! என் உத்தியோகம் முழுக்க உள்ளாட்சி நிதித் தணிக்கையில் போனது. 150 அடிக்குக் குழாய் இறக்கியதாக பில் வந்தால் எம்-புக்கில் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) அளவு ஏறியிருக்கிறதா, அளந்தவர் யார், கையெழுத்து யாருடையது என்று புரட்டிப் பார்ப்போம். பிரசிடெண்ட் வாயால் சொன்னார் என்பதற்காக எந்த பில்லும் பாஸாகாது. உயிர் போகிற காரியத்துக்கு அதைவிடக் குறைவாகவா கேட்பது?

2003 ஈராக் போரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஆந்த்ராக்ஸ் இவ்வளவு இருந்தாலே போதும் என்று விளக்கினார். லாரிகளில் நடமாடும் கிருமி ஆய்வுக்கூடங்கள் ஈராக் அதிபர் சதாம் உசேனிடம் இருப்பதாகத் திரையில் படம் காட்டினார். அந்த லாரிகளின் படங்கள் புகைப்படங்கள் அல்ல. சொல்லக் கேட்டு வரைந்தவை. சொன்னவர் 1999-இல் ஜெர்மனிக்குப் போய்த் தஞ்சம் கேட்ட ஓர் ஈராக்கிய இன்ஜினியர். உளவுத்துறை வைத்த சங்கேதப் பெயர் ‘கர்வ்பால்’. போர் தொடங்கும்வரை அமெரிக்க உளவுத்துறை அவரை நேரில் உட்காரவைத்து விசாரிக்கவே இல்லை. ஜெர்மானியர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளே ஆதாரம். 2011-இல் அவரே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் ‘நான் சொன்னது பொய்’ என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. அதே சமயத்தில் ஸ்தல ஆய்வு நடந்துகொண்டிருந்தது! ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ.நா. ஆய்வாளர்கள் 2002 நவம்பர் முதல் ஈராக்கில் இருந்தார்கள். சுமார் 700 முறை சோதனை போட்டார்கள். பேரழிவு ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. வேலையை முடிக்க ஆண்டுக்கணக்கு வேண்டாம், சில மாதங்கள் போதும் என்று மார்ச் 7-ஆம் தேதி பிளிக்ஸ் பாதுகாப்பு சபையில் சொன்னார். மார்ச் 20-இல் குண்டு விழுந்தது. ஆய்வாளர்கள் அதற்கு முன்பே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. போருக்குப் பின் அமெரிக்காவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இறக்கித் தேடியது. 2004-இல் வந்த அறிக்கை, அப்படி எந்தக் கையிருப்பும் இல்லை என்றது. அளவெடுக்கிறவனைத் துரத்திவிட்டு பில் பாஸ் செய்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த அளவில் இல்லை.

கேள்வி: 1990 ஆகஸ்டில் நான் குவைத்தில் டிரைவராக இருந்தேன். சதாம் படை புகுந்த பிறகு பாலைவனம் தாண்டி அம்மான் வந்து, ஏர் இந்தியா விமானத்தில் கட்டிய துணியோடு திரும்பினேன். சேர்த்த பணம் அத்தனையும் போச்சு. தயவுசெய்து சதாமுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.
– கீழக்கரை வாசகர்

பதில்: வாங்கவில்லை ஐயா. உங்களைப் போல ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த இரண்டு மாதத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்தப் படையெடுப்பு நடந்தது. 1988 மார்ச் 16-ஆம் தேதி ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றதும் நடந்தது. இரண்டுக்கும் சாட்சி உண்டு, சவக்குழி உண்டு.

ஆனால் ஹலப்ஜா நடந்தபோது வாஷிங்டன் யார் பக்கம் இருந்தது? ஈரானுக்கு எதிராக பாக்தாத்துக்கு உளவுத் தகவலும் கடனும் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனின் தூதராக 1983 டிசம்பரில் பாக்தாத் போய் சதாமின் கையைக் குலுக்கிய டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட்தான் 2003-இல் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர். ஹலப்ஜா 1988-இல் போருக்குக் காரணமாகவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, தேவைப்பட்டபோது, பழைய ஃபைலிலிருந்து தூசு தட்டி எடுத்தார்கள்.

நீங்கள் குவைத்திலிருந்து வந்து சேர்ந்த அதே சமயம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்குத்தான் அதிகம் கோபம் வரவேண்டும். 1990 அக்டோபர் 10-ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு மனித உரிமைக் குழுவின் முன் 15 வயதுப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள். பெயர் நயிரா, அதற்கு மேல் விவரம் கிடையாது. குவைத் ஆஸ்பத்திரியில் தான் உதவியாக இருந்ததாகவும், ஈராக்கியச் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்த பச்சைக் குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு இன்குபேட்டரைத் தூக்கிப்போனதாகவும் அழுதாள். அதிபர் புஷ் (அப்பா புஷ்) அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்கள் விவாதத்தில் சொன்னார்கள். 1991 ஜனவரி 12-ஆம் தேதி செனட்டில் போருக்கு அனுமதி 52–47 என்ற வாக்கில் நிறைவேறியது. மூன்று பேர் மாறியிருந்தால் கதை வேறு.

அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது போர் முடிந்து, 1992 ஜனவரியில் வெளியே வந்தது. சாட்சியை ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர நிறுவனம். குவைத் அரசின் பணத்தில் நடந்த ஒரு ‘குடிமக்கள் அமைப்பு’ அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. குழந்தைகளை அப்படிக் கொன்றதற்கு ஆதாரம் கிடைக்காததால், முதலில் நம்பிய மனித உரிமை அமைப்பே தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

உங்கள் ரூமைச் சூறையாடியது உண்மை, உங்கள் சம்பளப் பாக்கி போனது உண்மை. அந்த உண்மைகள் அமெரிக்க வீட்டுக் கூடங்களில் விலைபோகாது என்று யாரோ ஒருவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து முடிவு செய்து, அழுவதற்கு வேறு கதை தயாரித்தார். அந்தக் கதை பொய் என்று தெரிந்தபின், குவைத்தில் நிஜமாக அடிபட்டவன் பேச்சையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

கேள்வி: போர்ச் செலவை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது நியாயம்தானே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: துல்லியம் யார் கேட்டது? பக்கத்தில் வந்தாலே போதுமே!

2002 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, ஈராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். டிசம்பரில் பதவி போயிற்று. அந்த மாதக் கடைசியில் பட்ஜெட் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் சொன்ன கணக்கு 5,000–6,000 கோடி. ராணுவத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி, பிடித்த நாட்டைக் கட்டிக்காக்கப் பல லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்று 2003 பிப்ரவரியில் செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் அதை அடியோடு தவறு என்று மறுத்தார். மார்ச் 27-இல் அதே உல்ஃபோவிட்ஸ், ஈராக் தன் எண்ணெய்க் காசிலேயே சீக்கிரம் தன்னைக் கட்டிக்கொள்ளும் என்றார். ஏப்ரலில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் டி.வி.யில் வந்து, புனரமைப்புக்கு அமெரிக்க வரிப்பணம் 170 கோடி டாலர், அதற்கு மேல் ஒரு சல்லி கிடையாது என்றார். பேட்டி எடுத்தவரே நம்பாமல் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றம் புனரமைப்புக்கு மட்டும் 1,840 கோடி டாலர் ஒதுக்கியது. கடைசியில் அந்தத் தலைப்பில் போனது சுமார் 6,000 கோடி. போர் நடவடிக்கைகளின் மொத்தத்தை நாடாளுமன்ற ஆராய்ச்சிப் பிரிவு 2014-இல் கூட்டியபோது 81,500 கோடி டாலர் வந்தது. வீரர்களுக்கான பிற்கால மருத்துவம், வாங்கிய கடனுக்கான வட்டி எல்லாம் தனி.

வங்கியில் இருந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். போர் தொடங்கி இரண்டு மாதத்தில், 2003 மே மாதம், வரியைக் குறைத்தார்கள்! போருக்கான பணமோ வழக்கமான பட்ஜெட்டில் வராமல், பெரும்பாலும் ‘அவசரத் துணை மானியம்’ என்று ஆண்டுதோறும் தனியாக வந்தது. ஐந்தாம் ஆண்டிலும் அவசரம். வாக்காளர் கையிலிருந்து அன்றைக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் போகவில்லை. போயிருந்தால் கேள்வி கேட்டிருப்பார்.

கேள்வி: ஈராக்கில் கட்டுக்கட்டாகப் பணம் காணாமல் போனதாகச் சொல்வது கட்டுக்கதையா?
– தூத்துக்குடி வாசகி

பதில்: பணம் போனது உண்மை அம்மா, ‘காணாமல்’ என்பதில்தான் வழக்கு.

2003 மே முதல் 2004 ஜூன் வரை அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து ராணுவ விமானத்தில் ஏறக்குறைய 1,200 கோடி டாலர் ரொக்கமாக பாக்தாத் போனது. 28 கோடித் தாள்கள். எடை 363 டன். ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைத்த 2004 ஜூன் 28-க்குச் சில நாள் முன்பு, ஒரே தவணையில் 240 கோடி டாலர் ஏற்றினார்கள். மார்ச் 31-க்குள் செலவுக்கணக்கு காட்ட வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில் நம்மூர் அலுவலகங்கள் நாற்காலி மேஜை வாங்கிக் குவிக்கும். எனக்கு அந்த ஜூன் மாத வேகம் நன்றாகப் புரிகிறது.

கவனியுங்கள், இது அமெரிக்கப் பணமே இல்லை. ஈராக்கின் எண்ணெய் விற்ற காசும், வெளிநாட்டில் முடக்கிவைத்த ஈராக்கின் சொத்தும். அமெரிக்கா அதற்கு டிரஸ்டி மாதிரி. 2005 ஜனவரியில் அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் ஸ்டூவர்ட் போவன், ஈராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலருக்கு முறையான கண்காணிப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த பால் பிரெமர் சொன்ன பதில்: போரின் நடுவே மேற்கத்தியக் கணக்குமுறையை எதிர்பார்க்கக் கூடாது. பிற்பாடு, தேடிக்கொண்டிருந்த தொகையில் பெரும்பகுதி ஈராக் மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தணிக்கையாளர் அலுவலகமே சொன்னது. அதை மறைக்கக் கூடாது. சேர்ந்தது என்பதற்குத் தடம் கிடைத்தது. அங்கிருந்து யார் கைக்கு எதற்காகப் போனது என்பது வேறு ரிஜிஸ்டர்.

கேள்வி: அமெரிக்க ராணுவத்தின் கணக்கை யாருமே தணிக்கை செய்வதில்லையா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: செய்கிறார்கள். பாஸ் ஆவதில்லை. அரசுத் துறைகள் தணிக்கை செய்த கணக்குக் காட்டவேண்டும் என்பதற்கு 1990-இலேயே அடித்தளமாக ஒரு சட்டம் போட்டார்கள். பென்டகனின் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின்) முதல் முழுத் தணிக்கை 2018-இல்தான் நடந்தது. அன்று முதல் ஆண்டுதோறும் தணிக்கையாளர்கள் ‘கருத்துச் சொல்ல இயலாது’ என்றே எழுதுகிறார்கள். எங்கள் பாஷையில் அது ரொம்பக் கெட்ட வார்த்தை. கணக்குத் தப்பு என்றால்கூடத் திருத்தலாம். பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம். இதற்காக ஒதுக்கீடு நின்றதில்லை.

உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியைப் பற்றி பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2019-இல் கொடுத்த அறிக்கையில் ஓர் உலோக ஊசி வருகிறது. நியாய விலை 46 டாலர், கொடுத்த விலை 4,361 டாலர். 2024 அறிக்கையில் சரக்கு விமானத்தின் கழிவறைக்கு வாங்கிய சோப்புப் பெட்டி. கடை விலையைப்போல 80 மடங்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்காகப் பேசியாக வேண்டும். 1980-களில் 435 டாலருக்கு ஒரு சுத்தியல் வாங்கியதாக உலகமே சிரித்தது. அது பெரும்பாலும் கணக்கு எழுதிய முறையின் கோளாறு. ஒப்பந்தத்தின் பொதுச் செலவை ஒவ்வொரு பொருளுக்கும் சரிசமமாகப் பங்குபோட்டதில் சுத்தியலுக்கும் இன்ஜினுக்கும் ஒரே சுமை ஏறிவிட்டது. சுத்தியல் விலை ஏறிய மாதிரி இன்ஜின் விலை இறங்கித் தெரியும். பத்திரிகைக்காரர்களுக்குச் சுத்தியல்தான் பிடித்தது, இன்ஜினை யாரும் பார்க்கவில்லை.

கேள்வி: ஆயுதத் தொழிற்சாலை என்றால் வேலைவாய்ப்பு வருமே! அதையும் எதிர்ப்பீர்களா?
– ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

பதில்: வேலை வேண்டும் என்றால் ‘வேலைக்காக’ என்று தலைப்புப் போட்டுச் செலவு எழுதட்டும். ‘நாட்டின் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் எழுதுவது ஏன்?

2012-இல் அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி ரேமண்ட் ஓடியர்னோ நாடாளுமன்றத்திடம், எங்களுக்கு இப்போது புது ஏப்ரம்ஸ் டாங்கி வேண்டாம், இருப்பதே போதும் என்றார். சில ஆண்டுகள் உற்பத்தியை நிறுத்தி வைக்கத் திட்டம். கலிஃபோர்னியாவில் ஒரு கிடங்கின் திறந்த வெளியில் டாங்கிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஆனால் டாங்கி செய்யும் ஆலை ஒஹையோ மாநிலம் லைமா நகரில் இருந்தது. உதிரிபாகம் செய்பவர்கள் மாநிலம் மாநிலமாகப் பரவியிருந்தார்கள். இரண்டு கட்சி உறுப்பினர்களும் ஒன்றுசேர்ந்து, கேட்காத தளபதிக்குப் பணம் கொடுத்தார்கள்!

இந்த ஆட்டத்தை உள்ளிருந்து பார்த்துச் சொன்னவர் இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகளை நடத்திய தளபதி. அதிபரான பிறகு 1953 ஏப்ரலில் ஐசன்ஹோவர் பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலை, முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஆளுக்கொரு செங்கல் பள்ளிக்கூடம், ஒரு நாசகாரிக் கப்பலின் விலை, எட்டாயிரம் பேருக்கும் மேல் குடியிருக்க வீடு. ஆனால் அவர் ஆட்சியில்தான் அணுகுண்டுக் கையிருப்பு மளமளவென்று பெருகியது. 1961 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கும்போது ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டின் செல்வாக்கைப் பற்றி எச்சரித்துவிட்டுப் போனார். எட்டு ஆண்டு நாற்காலியில் இருந்தவர் கடைசி வாரத்தில் எச்சரிப்பது எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

கேள்வி: எதிரி ஆயுதம் குவிக்கும்போது நாம் சும்மா இருக்க முடியுமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: முடியாது. ஆனால் எதிரியின் ஆயுதத்தை எண்ணுவது யார்? 1955-இல் மாஸ்கோ அருகே துஷினோவில் விமான அணிவகுப்பு நடந்தது. புத்தம்புதிய குண்டுவீச்சு விமானங்கள் பத்து பறந்துபோயின. கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி, இன்னும் எட்டைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தலைக்கு மேல் வந்தன. கீழே நின்ற அமெரிக்க அதிகாரிகள் 28 என்று எண்ணினார்கள். அமெரிக்க விமானப்படை, நூற்றுக்கணக்கில் வரப்போகிறது என்று பயங்காட்டிப் பணம் வாங்கியது. 1956-இல் யு-2 உளவு விமானம் படம் எடுத்துப் பார்த்தபோது அந்த விமானக் கூட்டத்தைக் காணோம். அடுத்து ஏவுகணை. 1960 தேர்தலில் கென்னடி, சோவியத் நம்மை முந்திவிட்டது என்று ஊர் ஊராகப் பேசினார். உண்மையில் அமெரிக்கா வரை பாயக்கூடிய ஏவுகணைகள் அப்போது சோவியத்திடம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. பயங்காட்டிய சோவியத்துக்கும் லாபம், பயந்த விமானப்படைக்கும் லாபம்.

கேள்வி: ஈராக்குக்கு இந்தியாவும் படை அனுப்பியிருக்க வேண்டும் என்று என் நண்பர் வாதாடுகிறார்.
– வேலூர் வாசகர்

பதில்: அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14-ஆம் தேதி, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று முடிவு செய்தது. உங்கள் நண்பர் அடுத்த முறை வாதாடும்போது, போன எந்த நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

கேள்வி: ஈராக் விஷயத்தில் தப்பாகக் கணக்குச் சொன்னவர்களுக்கு என்ன தண்டனை?
– ஆசிரியை, மன்னார்குடி

பதில்: தெருவிளக்கு பல்பைக் கூடுதல் விலைக்கு வாங்கியதற்காக ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்கு சர்சார்ஜ் (நஷ்டத்தை அவரிடமே வசூலிக்கும் உத்தரவு) போட்டிருக்கிறேன். சொந்தப் பணத்தைக் கட்டினார் மனிதர். 2004 டிசம்பரில் புஷ் (மகன் புஷ்) மூன்று பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருதை மாட்டினார். ஒருவர் ஆயுதம் இருப்பதாகச் சொன்ன உளவுத்துறையின் தலைவர் ஜார்ஜ் டெனட். ஒருவர் படையெடுப்பை நடத்திய தளபதி டாமி ஃபிராங்க்ஸ். மூன்றாமவர், மேலே பார்த்த பால் பிரெமர். எண்ணெய்க் காசிலேயே கட்டிக்கொள்ளும் என்ற உல்ஃபோவிட்ஸ் 2005-இல் உலக வங்கித் தலைவரானார். ஏழை நாடுகளின் மதிப்பீட்டைச் சரிபார்க்கும் வேலை! சரியாகச் சொன்ன லிண்ட்சே வெளியே. ஷின்செகி 2003 ஜூனில் ஓய்வுபெற்றபோது அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் வழியனுப்பக்கூட வரவில்லை. பின்னாளில் ஒபாமா அவரை அழைத்து அமைச்சராக்கினார், அது வேறு கதை.

பிரிட்டன் ஒரு விசாரணை வைத்தது. சில்காட் குழு 2009-இல் உட்கார்ந்து 2016 ஜூலையில் எழுந்தது. அமைதி வழிகள் எல்லாம் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்று 26 லட்சம் சொற்களில் எழுதியது. போரின்போது பிரதமராக இருந்த டோனி பிளேர் வருத்தம் தெரிவித்தார். மறுபடியும் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார்.

கேள்வி: ஓட்டுப் போட்ட எம்.பி.க்களுக்கு உண்மை தெரிய வழியே இல்லாதபோது அவர்களைக் குறைசொல்லலாமா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: 1964-இல் வழி குறைவு. டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பலை வட வியட்நாம் படகுகள் ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரண்டாம் முறை தாக்கின என்றார்கள். மூன்றே நாளில் ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தரும் தீர்மானம்: கீழவையில் 416–0, செனட்டில் 88–2. அந்த இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவு அமைப்பின் வரலாற்றாளரே எழுதிய கட்டுரை 2005-இல் வெளியானது. எதிர்த்து ஓட்டுப் போட்ட வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் கிரூனிங் இருவரும் 1968-இல் பதவி இழந்தார்கள்.

2002-இல் அப்படிச் சொல்ல முடியாது. ஈராக்கிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்ற 92 பக்க உளவு மதிப்பீடு செனட்டர்கள் படிப்பதற்காகப் பாதுகாப்பான அறையில் வைக்கப்பட்டிருந்தது. பக்கம் புரட்டினால், வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் எரிசக்தித் துறையும் ஆட்சேபம் எழுதியிருந்தது தெரியும். அணுகுண்டுக்கு என்று சொல்லப்பட்ட அலுமினியக் குழாய்கள் அதற்கானவை அல்ல என்று அந்தத் துறைகள் கருதின. ஐந்து பக்கச் சுருக்கத்தைத் தாண்டி அந்த அறைக்குப் போய்ப் படித்தவர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று பிற்பாடு செய்தி வந்தது. போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77–23 என்று நிறைவேறியது. புலனாய்வுக் குழுத் தலைவராக இருந்த ஃபுளோரிடா செனட்டர் பாப் கிரஹாம் முழுவதையும் படித்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டார்.